எண்ணூறு வருஷத்து வக்கீல்

வக்கீல் தொழிலில் கேஸை நிரூபிப்பதைவிட, தன்னை வக்கீல் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். பக்கத்துச் சமஸ்தானத்தில் தொழில் பழகிவிட்டுச் சென்னைக்குப் பிழைக்க வந்த என் போன்ற பாவிகளுக்கு இது புரியும். திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் ஏழு வருஷம் நான் பேர் பெற்ற வக்கீல். ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டியதும் வெறும் மயிலாப்பூர்க் குடித்தனக்காரன்.

விரல் விட்டு எண்ணியவர்

சென்னைக் கோர்ட்டில் வாதாட அனுமதி கேட்டு என் சன்னதை, அதாவது வக்கீல் பத்திரத்தை, நீட்டினேன். அதில் எங்கள் ஊர் வழக்கப்படி கொல்லம் ஆண்டு 1100 (இங்கிலீஷ் கணக்கில் 1925) என்று போட்டிருந்தது. ஆபீஸ் குமாஸ்தா அதை இங்கிலீஷ் வருஷம் என்றே எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு கேட்டார்:

"எண்ணூறு வருஷமா பிராக்டிஸ் பண்ணிண்டிருக்கீரா? அப்போ உமக்கு சீனியர் யாருங்காணும்?"

வாய்க்கு ஏது எல்லை

திருவனந்தபுரத்துக்கு எழுதிப்போட்டேன். இங்கிலீஷ் தேதியோடு வேறு பத்திரம் வரும்வரை மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலிடம் மனு எழுதிக்கொண்டிருந்தேன். அடையாற்றங்கரைச் சலவைத் தொழிலாளி முனுசாமி அங்கே வந்தார். தலைமுறையாகத் துணி உலர்த்திய மேட்டைப் பங்களாக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டாராம். மேடு போனால் முனுசாமி வீட்டில் அடுப்பு எரியாது. நானே போய் இடத்தைப் பார்த்து மனு எழுதினேன். குமாஸ்தா கதையையும் முனுசாமியிடம் சொல்லித் தொலைத்தேன். சிரித்தவர், கோர்ட்டில் நான் பேச முடியாது என்றதும் கோபித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? அந்த ஊர்ல பேசுன வாய்தானே இங்கயும் கீது?"

எழுந்து நின்றேன்

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அனுமதி வந்தது. பெரிய வக்கீல் கேஸ் கட்டை என்னிடமே தள்ளிவிட்டார். எதிர்க்கட்சி வக்கீல் என்னைப் பார்த்து, "மலையாளத்துக்காரர் துணி காயப்போட வந்துட்டார்" என்று சிரித்தார். வரப்புத் தகராறிலேயே வளர்ந்த நாஞ்சில் நாட்டானிடம் அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் அனுபவித்து வந்த உரிமை, பற்றியா விளையாட்டு? ஒரு மணி நேரம் பேசினேன். வேலியைப் பிரிக்க உத்தரவாயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வெட்கமில்லை. முனுசாமிக்கு என்னைவிடப் பெருமை. கோர்ட்டு வராந்தாவே கேட்கக் கத்தினார்:

"எங்க வக்கீலு யாருன்னு நென்ச்ச? எண்ணூறு வருசமா இதே வேலயா கீறாரு நைனா!"

அத்தனை அனுபவம் இருந்தும் அன்று எழுந்து நின்றபோது நான் மனுவைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை எந்தச் சன்னதிலும் எழுதவில்லை.