தம்பிக்கு ஏறிய குண்டலினி

என் தம்பிக்கு ஆறு வயதிலேயே சமாதி நிலை கைகூடிவிட்டது. எனக்கு ஒன்பது வயது; ஒரு எழவும் கைகூடவில்லை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்பா தவறிப்போனதால் கோவில்பட்டியில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பருத்திக் கமிஷன் கடைக்காரரான அவருக்குச் சித்தர், யோகி என்றால் உயிர். தம்பி சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். திடீரென்று சோற்றுக்கை அந்தரத்தில் நிற்கும். கண் மேலே செருகும். இமை படபடக்கும். கூப்பிட்டால் கேட்காது. சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி மிச்சத்தைத் தின்பான்.

அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். பெரியப்பா விடவில்லை.

"நோவுன்னு சொல்லாத தாயி. குண்டலினி உச்சிக்கு ஏறுது. நிர்விகல்ப சமாதி! யோகியளே இதுக்குத் தவங்கெடக்காவ."

சோறு போடுகிறவரை அம்மா எப்படி எதிர்த்துப் பேசுவாள்? தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவன் பாலயோகி. உழுத கரிசல் மண் ஒட்டின காலோடு சம்சாரிகள் வந்து அவன் காலில் விழுந்தார்கள். கடம்பூர் போளி பொட்டலம் பொட்டலமாக வந்தது.

"சாமி, மழை எப்பம் வரும்? ஒரு வாக்குச் சொல்லுங்க" என்றார் ஒரு பெரியவர்.

"இன்னொரு போளி இருக்கா?" என்றான் தம்பி. அதையும் வாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மூக்கொழுகும் பயல்! மூக்கைச் சிந்திவிடுவது நான், கும்பிடு அவனுக்கு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. போளிகூடப் போய்த் தொலையட்டும், அம்மா அவனை மடியை விட்டு இறக்குவதே இல்லை. எனக்குத் தலை வாரிச் சடை பின்னிவிட அவளுக்குக் கை ஒழியவில்லை.

எனக்கும் ஏறாதா அந்தக் குண்டலினி? தொழுவத்துக்குப் பின்னால் பத்மாசனம் போட்டு மூச்சை அடக்கிப் பார்த்தேன். கொசுதான் கடித்தது. சரி, அவன் செய்வதையே செய்துவிடுவோம் என்று துணிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடு நிறையக் கூட்டம். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நான் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினேன். கண்ணைச் செருகினேன். இமையைப் படபடவென்று அடித்தேன். பெரியப்பா எப்போது கும்பிடுவார் என்று காத்திருந்தேன்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். தம்பியைத் தரையில் இறக்கிவிட்டு ஓடிவந்து என்னை வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்குமா? ஐயோ, ஒன்னையும் பிடிச்சிட்டா இந்த நோவு?"

என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணீர் என் முகமெல்லாம் வழிந்தது. எத்தனை நாளாயிற்று அம்மா என்னை இப்படித் தூக்கி! ஓரக்கண்ணால் பார்த்தேன். தம்பி தரையில் தனியே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிடடா அங்கேயே என்று நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக இமையை அடித்தேன்.