இடப்பக்கப் பின் டயருக்காக முப்பது கிலோமீட்டர்

காலை 9.40, முடிச்சூர். கடல் கடந்தோ மலை ஏறியோ போன பயணம் இல்லை இது. எங்கள் அடுக்குமாடியின் கீழே கிளம்பி, தாம்பரம், செம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றி, கிளம்பிய தூணுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றேன். மீட்டர்படி முப்பது கிலோமீட்டர். இதையெல்லாம் போய் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க ஒரே ஒரு எண்ணைத் துரத்திக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் அலைந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அந்த எண் 27. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் பெட்டி ஒட்டியிருக்கிறேன். வெயில் பட்டால் தானே உயிர் பெறும். நான்கு டயர்களிலும் காற்றடிக்கும் வால்வின் மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சென்சார் வைத்த மூடியைத் திருகிவிட்டால் போதும். எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று பெட்டியில் நான்கு எண்கள் வரும். விலை 2,600 ரூபாய். டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு, நான்கிலும் 33 இருக்க வேண்டும் என்கிறது. அன்று காலை மூன்று மூலைகளில் 33. இடப்பக்கப் பின் டயரில் மட்டும் 27, சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

ஆறு பாயிண்ட் குறைந்தால் என்ன, பங்க்கில் அடித்துக்கொண்டு போவதுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்ற வழியில்லை. போன வருஷம் மதுராந்தகம் தாண்டி, நூறு கிலோமீட்டர் வேகத்தில், இதே வண்டியின் டயர் வெடித்தது. வண்டி நடுத்திட்டில் உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி ஜெசி ஹைவேயில் இந்த வண்டியில் ஏறவில்லை. விழுப்புரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக்கூட அவள் பஸ்ஸில் போவாள், நான் பின்னால் வண்டியில் போவேன். ஊர் சிரிக்கும் கூத்து. மறுநாள் அந்தத் தங்கையின் புதுவீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம் செய்து குடிபுகும் நாள். எப்படியோ இந்த முறை ஜெசி மனமிறங்கி வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். நிபந்தனை ஒன்றுதான்.

"சாயந்தரத்துக்குள்ள அந்தச் சிவப்பு போகணும். எதனால வந்ததுன்னும் தெரியணும். இல்லைன்னா நான் பஸ்ஸுல போறேங்க."

சொல்லிவிட்டு அவளும் கூடவே கிளம்பிவிட்டாள். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். அளவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு மயிரிழையில் கால்வாசி கூடினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிறவன். என்னை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள்!

காலை 10.05, முடிச்சூர் சாலை, 2 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் மெஷினுக்கு முன்னால் மூன்று ஆட்டோ, ஒரு பால் வண்டி. முறை வந்ததும் ஜெசி இறங்கி பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். காற்று பிடிக்கும்போது அவள் வண்டிக்குள் உட்கார மாட்டாள். அது மதுராந்தகத்தில் பிடித்த பயம். காற்றடிக்கும் அண்ணன் நாலும் பார்த்துவிடட்டுமா என்று கேட்டார். மற்றது மூன்றும் சரியாகக் காட்டுகிறது, இடப்பக்கம் பின்னால் மட்டும் பாருங்கள் என்றேன். மூடியைக் கழற்றியதும் வண்டிக்குள் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. மூடியை எடுத்தால் கத்தத்தான் செய்யும். அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மெஷின் 36 என்றது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெட்டியில் 27, பத்து மீட்டர் குழாயின் மறுமுனையில் 36. ஒரே டயருக்குள் இருக்கும் காற்று எப்படி இரண்டு பேரிடம் இரண்டு கணக்கு சொல்லும்? ஓடி வந்த டயர் சூடாகி ஒரு பாயிண்ட் ஏறியிருக்கும், மெஷினும் ஒன்றிரண்டு கூட்டிக் காட்டும், அதெல்லாம் சகஜம் என்றார் அண்ணன். சரி, மூன்று போகட்டும். மிச்சம் ஆறு? பத்து ரூபாய் கொடுத்துவிட்டுக் காற்றைத் தொடாமல் கிளம்பினேன். இரண்டு அளவு முரண்பட்டால் மூன்றாவது கருவியைத் தேடு, சாமானில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

காலை 10.30, மேற்குத் தாம்பரம், 5.5 கிலோமீட்டர். மார்க்கெட் பக்கம் வழக்கம்போல நகர இடமில்லை. நடைபாதையில் கீரைக்கட்டு, அதற்கும் கீழே சாலையில் பூக்கூடை, அதற்கும் கீழே நாங்கள். பதினைந்து நாளுக்கு முன்பு இங்கேதான் ஒரு டயர் கடையில் முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். தேய்மானம் சமமாகும் என்று செய்வதுதான். விலை உயர்ந்த சென்சார், மூடியில் யாரும் கை வைக்காதீர்கள் என்று கடையே அதிரச் சொல்லி, போல்ட் முறுக்குவதைக்கூடப் பக்கத்தில் நின்று எண்ணினேன். அந்தக் கடையைக் கடக்கும்போது ஜெசியிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன்.

காலை 11.00, செம்பாக்கம், 11 கிலோமீட்டர். பாலத்தில் ஏறிக் கிழக்கே இறங்கி வேளச்சேரி சாலையைப் பிடித்தால், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி எட்வின் வீடு. எங்கள் தொழிற்சாலையில் கருவிகளையே சோதிக்கிற பிரிவில் இருக்கிறான். கேஜ் சரியா என்று பார்க்க ஒரு கேஜ் வைத்திருக்கிற ஆள் என்றால் புரியும். வட்ட முகம் கொண்ட பித்தளை கேஜ் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தான். உடனே பார்க்க விடவில்லை. ஓடி வந்த டயரை அளப்பது, மாடிப்படி ஏறி வந்தவனுக்கு நாடி பிடிப்பது மாதிரியாம். வெயில் படாத பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒன்றேகால் மணி நேரம் ஆறப்போட்டான். ஜெசியும் எட்வின் மனைவியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு டீயும் முறுக்கும் வந்தன.

அளக்கும் விதத்தை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். வால்வில் கேஜை நேராக வைத்து ஒரே அழுத்து. உஸ்ஸென்ற சத்தம் நின்றால்தான் அளவு சரி, சத்தம் நீண்டால் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் 33. வண்டிக்குள் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். 26.

"சென்சார் போச்சு, வேற ஒண்ணுமில்ல. டயர் ஜம்முனு இருக்கு" என்றான் எட்வின்.

எனக்குப் பாரம் இறங்கியது. பெட்டியைப் பிடுங்கி டேஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடிவிடலாம் என்று கையைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். அதற்குள் வெளியே வந்திருந்த ஜெசி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காலையில இருபத்தேழு. இப்ப இருபத்தாறு. கெட்டுப்போன சாமான்னா கன்னாபின்னான்னுதானே காட்டும்? இது ஏங்க ஒழுங்கா ஒண்ணொண்ணா குறையுது?"

எட்வின் என்னைப் பார்த்தான். நான் எட்வினைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது வருஷ அனுபவம். கடைசியில் எட்வின், வண்டலூரில் லாரிகளுக்கு டயர் பார்க்கும் பஞ்சர் கடை ஒன்றைச் சொன்னான். அங்கேயும் காட்டிவிடுங்கள், திருமதிக்குத் திருப்தியாக இருக்கும் என்றான். திருப்தி என்ற சொல்லைக் கேட்டு ஜெசியின் முகம் போன போக்கை இங்கே எழுதப்போவதில்லை.

பகல் 1.30, வண்டலூர், 23.5 கிலோமீட்டர். தாம்பரம் திரும்பி, பெருங்களத்தூர் நெரிசலில் இருபது நிமிஷம் நின்று, உயிரியல் பூங்கா வாசலையும் தாண்டிப் போனோம். பள்ளிக்கூட பஸ் ஒன்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடைக்குத் தகரக் கூரை. வாசலில் ஆளுயரத்துக்கு லாரி டயர் அடுக்கு, அதன் உச்சியில் விளம்பரம்போல ஒரு டிரான்சிஸ்டர். பக்கத்தில் ஜல்லி லாரிகள் திரும்பிக்கொண்டிருந்ததால் இறங்கி நிற்க இடமில்லை. ஜெசி முதல்முறையாக வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், பேச்சில் அவசரமே இல்லை. பேனா மாதிரி ஒரு கேஜ் வைத்திருந்தார். வால்வில் அழுத்தினால் வாலிலிருந்து கோடு போட்ட வெள்ளைக் குச்சி துள்ளி வெளியே வரும். அவரும் நாலும் பார்த்துவிடட்டுமா என்றார். நானும் அதே பதிலைச் சொன்னேன், இடப்பக்கம் பின்னால் மட்டும். மூடியைக் கழற்றினார். பெட்டி கத்தியது. குச்சி 35-இல் நின்றது. ஓடிவந்த சூடு இரண்டு பாயிண்ட், ஆக டயர் ஓகே என்றார். அவர் மூடியைத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தபோது ஜெசி ஜன்னலை இறக்கினாள்.

"ஏங்க, அவர் பின்னாடி மூடியக் கழட்டினப்போ, இதுல முன்னாடி டயர்தான் ஜீரோ காட்டுச்சு."

அது அப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்.

"இன்னா சார், வீல மாத்திப் போட்டியா?"

போட்டேன். மூடியில் கை வைக்காதே என்று நானே கத்தி, சக்கரத்தோடு மூடியையும் முன்னாலிருந்து பின்னால் அனுப்பிவைத்தேன். பின்னால் இருந்த மூடி முன்னால் வந்தது. அதற்கென்ன தெரியும், பாவம், முன்னால் வந்த பிறகும் ‘பின் இடது’ என்ற பழைய பெயரையே பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. மூன்று கேஜும் பொய் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் தப்பான சக்கரத்தைக் காட்டியவன் நான். நாலும் பார்க்கட்டுமா என்று இரண்டு பேர் கேட்டும் வேண்டாம் என்றவனும் நான்தான். எட்வின் வீட்டு வாசலில் அந்தப் பெட்டியைப் பிடுங்கியிருந்தால், மறுநாள் இந்த முன்டயரோடுதான் ஜெசியை ஹைவேயில் ஏற்றியிருப்பேன்.

முன்டயரில் குச்சி 25-இல் நின்றது. பெட்டியிலும் 25. அன்று முழுவதும் இரண்டு கருவிகள் ஒத்துப்போனது அப்போதுதான். கடைக்காரர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது.

"ஆணி கீது பார். உள்ளயே குந்திகினு கீது. ஓரத்துல காத்த கொஞ்சம் கொஞ்சமா வுட்டுகினு இருந்துகீது. திண்டிவனம் வரைக்கும் தாங்கியிருக்காது சார்."

ரப்பர் திரி செருகி அடைக்க 150 ரூபாய். சூடாக இருப்பதால் இப்போது 35 வைக்கிறேன், காலையில் வண்டியை எடுக்கும் முன்பு ஆறின டயரில் நாலையும் பார்த்துக்கொள் என்றார். நான்கு மூடிகளையும் நானே கழற்றி, எதெது எந்த இடமோ அங்கே திருகினேன். ஜெசி உள்ளிருந்து ஒவ்வொன்றாகச் சரி சரி என்றாள். பேனா கேஜ் ஒன்று அங்கேயே 120 ரூபாய்க்கு வாங்கினேன். அதை அவள் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிற்பகல் 3.10, முடிச்சூர், 30 கிலோமீட்டர். மண்ணிவாக்கம் வழியாக வந்தோம். பெட்டியில் நான்கு மூலையிலும் பச்சை. கிளம்பிய தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் இறங்க மனம் வரவில்லை. ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"ஜெசி, போன வருஷம் கிளம்பறப்போ காத்து பார்த்தேன்னு சொன்னேன்ல. பார்க்கல."

"தெரியும்" என்றாள். "கிச்சன் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுதான் இருந்தேன். நாலு டயரையும் காலால ஒரு உதை உதைச்சிட்டு வந்தீங்க."

இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்கள் சொல்வீர்களா என்று பார்த்தேன் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. டயருக்குப் பயந்து இவள் பஸ் ஏறுகிறாள் என்றுதான் ஒரு வருஷமும் நினைத்திருந்தேன்.

அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"காலையில அஞ்சு மணிக்கு எழுப்பறேன். வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி நாலும் பார்க்கணும்னு அந்தக் கடைக்காரர் சொன்னார்ல."

மறுநாள் காலை 5.20, அதே தூண். டார்ச்சை அவள் பிடித்தாள், கேஜை நான் வைத்தேன். முன் இடது 33, முன் வலது 33, பின் வலது 33. பின் இடதுக்கு வந்ததும் நான் எண்ணைச் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. குனிந்து, குச்சியைத் தானே வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். விழுப்புரம் இன்னும் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம் இருந்தது.