பிரதியும் பிரதிநிதியும்

மகனோடு கேரளத்து மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு, போன சட்டமன்றத் தேர்தலில்தான் எனக்கு இங்கே முதல் ஓட்டு. முன்பெல்லாம் நிற்கிறவர் எப்படிப்பட்டவர் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் காலமான பிறகு வேறு யாரிடமும் கேட்க என் கௌரவம் விடவில்லை.

பழைய எம்.எல்.ஏ. மறுபடி நின்றார். "அம்மே, அயாள் பூமிக் கேசில் பிரதியாணு" என்றாள் பக்கத்து வீட்டு லீலா. நில வழக்கில் ஏழைகளுக்குப் பிரதிநிதியாக நின்று பேசியவராக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

"என் ஓட்டு அவருக்குத்தான்" என்று வீட்டில் காரணமும் சொன்னேன். மருமகள் சிரித்துவிட்டாள். "ஐயோ அத்தை, மலையாளத்துல பிரதின்னா குற்றம் சாட்டப்பட்டவர்! நல்லவேளை, நாளைக்குத்தான் ஓட்டு."

இப்போதெல்லாம் வேட்பாளர்கள் எழுதிக் கொடுத்த வழக்கு, சொத்து விவரங்களை அவளைப் போனில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறேன். அவள் நன்றாகத்தான் வாசிக்கிறாள். ஆனாலும் என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டதுபோல வருமா?