லூர்துராஜ் எடுத்த கொக்குப் படம்

தில்லி கிட்வாய் நகரில் லூர்துராஜைத் தெரியாதவர்கள்கூட அவருடைய ஸ்கூட்டரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கால் வைக்கிற இடத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் முக்காலி சொருகியிருக்கும். குளக்கரையில் உட்கார்ந்து பறவைகளைப் படம் எடுப்பதற்காக. அமைச்சகம் ஒன்றில் எழுத்தர் வேலை, சொந்த ஊர் பாளையங்கோட்டை, மனைவி இன்பராணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரே மகள் டெல்பின். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது, ஊர்வம்பு கிடையாது. பிலிம் ரோல் மட்டும்தான். மனுஷனைக் கெடுக்க அந்த ஒன்றே போதும் என்பது இன்பராணியின் கட்சி.

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. டெல்பினின் புதுநன்மை அன்று, கோயிலில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்க வாயைத் திறந்த நேரத்தில் கேமராவில் பிலிம் தீர்ந்துபோனது. ரோலின் பெரும்பகுதியை முந்தின நாளே நெடுங்கால் உள்ளான் பறவைகள் தின்றிருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பம் கேட்டால் இன்பராணி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்வாள்: "முதல்ல நாலு பக்கம் கொக்கும் குருவியுமா வரும். பொறுத்துக்கிட்டுத் திருப்புங்க, பிள்ளை வருவா."

லூர்துராஜ் போவது ஒரு கிராமத்துக் குளத்துக்கு. கிராமத்தைத் தில்லி விழுங்கி வெகுகாலம் ஆயிற்று; குளம் மட்டும் தொண்டையில் நின்றது. பாதிக்கு ஆகாயத்தாமரை, மீதிக்கு எருமைகள். இதற்குள் நாமக்கோழி, முக்குளிப்பான், மீன்கொத்தி, குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும் வாத்துகள். முக்குளிப்பான் தண்ணீருக்குள் போனால் எங்கே எழும்பும் என்று அவருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. அவர் ஓர் இடத்தைக் குறிவைத்து மூச்சடக்கிக் காத்திருப்பார். அது வேறோர் இடத்தில் தலையை நீட்டும். வருஷக்கணக்காக இந்த விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருந்தார். சலிக்கவே இல்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். கிட்டே போகக் கூடாது. ரொட்டி போடக் கூடாது, கூட்டைத் தொடக் கூடாது, கொப்பை விலக்கக் கூடாது. "நாம ஒருத்தன் இருக்கோம்னே அதுக்குத் தெரியக் கூடாது. பாக்கதோட நம்ம சோலி முடிஞ்சுது" என்பார். அதற்குத்தானே அவ்வளவு நீள லென்ஸ்.

1998-இல் சுதந்திர தினம் சனிக்கிழமை வந்தது. தில்லியில் அந்த நாள் கொடிக்குப் பாதி, பட்டத்துக்குப் பாதி. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அறுந்து மரத்துக்கு மரம் தொங்கும். திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்கு முன்னால் லூர்துராஜ் குளத்துக்குப் போனார். மழைமேகம் வானத்தை ஒரேயடியாக வெளுக்கப் பூசியிருந்தது. கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நின்ற உயரமான தைல மரத்துக்குப் பக்கத்தில், பெரிய வெள்ளைக் கொக்கு ஒன்று இரண்டு சிறகையும் விரித்து வானத்தில் நின்றது.

லென்ஸைத் திருப்பினார். அமுக்கினார். பிலிமைச் சுற்றிவிட்டு இன்னொன்று அமுக்கினார். மூன்றாவதற்குச் சுற்றும்போதுதான் கை நின்றது. எந்தக் கொக்கும் அவருக்காக இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. மறுபடி உற்றுப் பார்த்தார். மரத்தின் உச்சிக் கொப்பிலிருந்து ஒரு நூல் இறங்கிச் சிறகின் மடிப்பில் இறுகியிருந்தது. கொக்கு பறக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கண் திறந்திருந்தது. லென்ஸ் அந்தக் கண்ணை அவர் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

எருமை குளிப்பாட்ட வந்தவர்களைக் கெஞ்சினார். ஒருவர் நல்ல மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி மரம் போனதும் மரமே அவரோடு சேர்ந்து ஆடியது. உச்சிக் கொப்பு விரல் கனம்கூட இல்லை. இறங்கி வந்து, முடியாது என்று கையை விரித்தார்.

லூர்துராஜ் வீட்டுக்குப் பறந்தார். ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்த இன்பராணி, சேலைகூட மாற்றாமல், கத்தரிக்கோல், பஞ்சு, மருந்து, ஓர் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். மரத்துக்கு நேரே கரையில் வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"காயம் பெருசில்லங்க. கீழ இறக்கிக் குடுத்தா நான் பாத்துக்கிடுவேன்."

"இறக்கணுமே."

"ஏணி வண்டி கேளுங்க. தெருவெளக்கு மாட்டுதாங்கல்ல, அந்த வண்டி. ஓடுங்க, நான் இங்கன நிக்கேன்."

அந்த வண்டி உள்ள அலுவலகம் எந்த இலாகாவினுடையது என்று சொல்லி இனி யாருக்கும் லாபமில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தது, அவ்வளவுதான். வண்டி முற்றத்தில் நின்றுகொண்டிருந்ததை லூர்துராஜ் தன் கண்ணால் பார்த்தார். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். லூர்துராஜுக்கு மூச்சு வாங்கியது. கொக்குக்கு இந்தியில் என்ன என்பது அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது.

"சாப், தாலாப் கே பாஸ்... லட்கா ஹுவா ஹை."

மீசைக்காரர் எழுந்து கை கொடுத்தார். "அச்சா. முபாரக் ஹோ."

இந்தியில் 'தொங்குகிறது' என்பதற்கும் 'ஆண் குழந்தை பிறந்திருக்கிறது' என்பதற்கும் நடுவே ஒரு டகரம்தான் வித்தியாசம். ஒன்று அழுத்திச் சொல்கிற ட, மற்றது நாக்கை மடக்கித் தட்டுகிற ட. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. அத்தனை வருஷம் தில்லியில் இருந்தும் லூர்துராஜின் நாக்கு பாளையங்கோட்டையை விட்டு நகரவில்லை. குளத்தங்கரையில் இவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி அந்த அறை முழுக்கப் பரவி, ஆளாளுக்கு மிட்டாய் கேட்டார்கள். அவர் கையைச் சிறகாக விரித்து, கழுத்தைச் சாய்த்து, கொக்கு மாதிரியே தொங்கிக் காட்டினார். சிரிப்பு அதிகமானது.

ஒருவழியாகப் புரிந்ததும் மீசைக்காரர் முகம் மாறியது. கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று வண்டியை அனுப்பி, அங்கே ஒன்றுமில்லாமல் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னார். பிறகு லூர்துராஜின் கழுத்தைக் காட்டினார். கேமரா தொங்கியது. "போட்டோ லே ஆவோ, பாயி சாப். போட்டோவைக் காட்டினால் சாப் மறுக்க மாட்டார், வண்டி உடனே வரும்."

இதைவிடச் சுலபமான வேலையை லூர்துராஜிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. குளத்துக்குத் திரும்பி மிச்சமிருந்த ரோல் முழுவதையும் கொக்கின்மேல் தீர்த்தார். கொக்கு ஓரிரு முறை சிறகை உதறியது. "ஜல்தி வந்துருங்க" என்றாள் இன்பராணி. சந்தையில் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் போடும் கடை. கடைக்காரன் மின்சாரம் போய்விட்டது என்றான். வந்த பிறகு இயந்திரம் சூடாக வேண்டும் என்றான். லூர்துராஜ் கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அன்று அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படம் எப்படி வரும் என்று கவலைப்படவில்லை. வந்தால் போதும் என்றிருந்தது.

பிரிண்டுகளை வாங்கிப் பார்க்காமலே ஓடினார். மீசைக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"வாஹ். ஆனால் இது உட் ரஹா ஹை, பாயி சாப். பறக்கிறது."

லூர்துராஜ் எட்டிப் பார்த்தார். வெள்ளை வானம், வெள்ளைக் கொக்கு, விரிந்த சிறகு. ஓர் இறகு பாக்கியில்லாமல் அத்தனையும் துல்லியம். நூல் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த இழை பிலிமில் ஏறவே இல்லை. நகரவில்லையே, பாருங்கள், எல்லாப் படத்திலும் அதே இடம், அதே கொப்பு என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். போட்டோவில் எந்தப் பறவைதான் நகரும்?

"எல்லாம் ஒரே போட்டோதானே" என்றார் மீசைக்காரர். இருந்தாலும் உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். உள்ளேயிருந்தும் ஒரு 'வாஹ்' கேட்டது. பறக்கிற பறவைக்கு வண்டி எதற்கு என்றும் கேட்டது. திரும்பி வந்தவர், சாப் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க, என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல லூர்துராஜுக்குத் தெம்பில்லை. கொடுத்துவிட்டு முற்றத்தில் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

குளத்தில் மேகம் கலைந்து வெயில் அடித்தது. இப்போது நூல் கீழிருந்தே மின்னியது. கொக்கின் தலை தொங்கிவிட்டது. காற்று அடித்தால் மட்டும் அது மெல்லச் சுற்றியது. இன்பராணி அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவர் விட்டுப்போன அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"போட்டோவப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொல்லுதாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

அவள் கையை நீட்டினாள். அவர் ஒரு பிரிண்டைக் கொடுத்தார். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரவெல்லாம் விழித்த கண்ணைச் சுருக்கி நூலைத் தேடினாள். மேலே ஒரு தடவை பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அழகாத்தாங்க இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.