காரச்சேவு கேட்டதற்குக் கிடைத்தது

கோவில்பட்டி பஜாரில் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பாயிண்ட் ஆப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கடையிலும் போன் நம்பர் சொன்னால் பாயிண்ட் ஏறும்.

இன்று பலகாரக் கடையில் காரச்சேவு கேட்டு நம்பரைச் சொன்னேன். கடைக்காரர் செல்போனைப் பார்த்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, காலையில மெடிக்கல்ல மூலத்துக்கு மருந்து வாங்கிருக்கீங்க. காரம் ஆகாதுல்லா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் கடை பில்லும் இங்கன வந்துருது. நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

பின்னால் நின்றவர், "துத்தி இலைய வதக்கித் தின்னுங்க, கேக்கும்" என்றார்.

நம்பர் கொடுத்தது பாயிண்டுக்கு. மருந்து பில்லைக் கடைத்தெருவுக்கே வாசித்துக் காட்டவா கொடுத்தேன்? காரச்சேவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மருந்து எனக்கில்லை. யாருக்கு என்று சொல்ல நான் ஒன்றும் அந்த ஆப் இல்லை.

கமெண்டில் யாரும் துத்தி இலையோடு வர வேண்டாம்.