புதன்கிழமை பிராக்டீஸ்

அன்று வண்டியில் இருந்தவர்கள்: கோல் நிற்கிற பெண், கோலி என்று கூப்பிடுவோம். அவள் மடியில் அவளுடைய கால் பேடு இரண்டும். ரயில் லைன் ஓரத்து வீட்டு அக்கா, தங்கச்சி. இரண்டு பேரும் முன்னால் ஆடுகிறவர்கள். ஓட்டலில் மாவு அரைக்கிறவரின் மகள், எல்லோரையும் விடச் சின்னவள். என் மகள். அவள் நடுவில் ஆடுவாள். முன் சீட்டில் நான்.

என்னுடையது ஷேர் ஆட்டோ. காலையில் முதலில் இந்த ஹாக்கிப் பிள்ளைகளைக் கிரவுண்டில் இறக்குவேன். அப்புறம் சிப்காட்டுக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றப் போவேன்.

என் மகள் விளையாட்டு விடுதியில் சேர வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது. அங்கே மூன்று வேளை சாப்பாடு, தனிக் கட்டில். படிப்பதும் ஆடுவதும்தான் வேலை. செலக்‌ஷன் மாதக் கடைசி ஞாயிறு.

அதற்குள் போட்டி மேல் போட்டி. மண்டலம் முடிந்திருந்தது. மாவட்டப் போட்டி இனிமேல்தான். நடுவில் பொன்னேரியில் ஒரு கோப்பை. காலையிலும் பிராக்டீஸ், சாயங்காலமும் பிராக்டீஸ். வண்டியில் ஏறினதும் பிள்ளைகள் தூங்கிவிடும்.

அன்று ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய் கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். வண்டியை எடுக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன்.

கிரவுண்டில் ஒரு சட்டம் உண்டு. லேட்டாக வந்தால் ரெண்டு ரவுண்டு கூட ஓட வேண்டும். ஓடினார்கள். நான் கொடுத்த தூக்கம் அதில் போயிற்று.

சாயங்காலம் மகள் கேட்டாள்.

"நைனா, கேட்டு தொறந்தப்புறமும் நின்னுகினு இருந்தியாமே."

"யாரு சொன்னா?"

"கோலிதான். அது ஒரு கண்ண தொறந்து வெச்சிகினுதான் தூங்கும். பந்து வந்துட்டா?" சிரித்தாள். அப்புறம் சொன்னாள், "இனிமே நிக்காத நைனா. கால தூக்க முடியல."

மறுநாள் விளையாட்டு சாரிடம் போனேன். என்னை விட வயதில் சின்னவர். பிள்ளைகளுக்கு ஒரு நாள் விடச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாண்ணா? பந்த அடிங்கன்னா தரைய அடிக்குதுங்க. லீவு வுட்டா பள்ளிக்கூடத்துல ஏன் வுட்டன்றாங்க. தோத்தா ஏன் தோத்தன்றாங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி. புதன்கிழமை காலைல வேணாம்."

குரூப்பில் மெசேஜ் போட்டார். பிள்ளைகளிடம் போன் கிடையாது. குரூப்பில் இருப்பது அம்மா அப்பாதான்.

என் மனைவி கம்பெனியில் பேக்கிங் வேலை. விடிவதற்கு முன்னால் பஸ் வந்துவிடும். மெசேஜைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சி. தண்ணி லாரி அன்னிக்குத்தான். பக்கத்து ஊட்ல எத்தினி நாளு புடிக்க சொல்றது?" என்றாள்.

அந்தப் புதன்கிழமை என் மகள் குடம் குடமாக டிரம்மை நிரப்பினாள். அக்கா தங்கச்சியை அவர்கள் அம்மா நாற்று பறிக்கக் கூட்டிப்போனாள். சின்னவள் ஓட்டலில் மாவு தள்ளினாள். கோலி தம்பியைப் பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை வண்டியில் ஏறும்போதே தூங்கி வழிந்தார்கள். அன்று கோலி கோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"நைனா, லீவு வேணாம்னு சார்ட்ட சொல்லிடு. பிராக்டீஸே பரவால்ல" என்றாள் மகள்.

மனைவியிடம் சொன்னேன். புதன்கிழமை மட்டும் அவளை விட்டுவிடு, தூங்கட்டும் என்றேன்.

"நான் இன்னா மெத்தைல படுத்துகினு கீறனா? ஷிப்டு பூரா நின்னுகினே கீறேன். லாரி வந்தா யாரு புடிப்பா, நீ புடிப்பியா?"

லாரி வரும் நேரம் நான் ரோட்டில் இருப்பேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. 

புதன்கிழமை லீவு இருக்கட்டும், ஆனால் குரூப்பில் ஒன்றும் போட வேண்டாம் என்று சாரிடம் சொன்னேன். சார் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை எப்போதும்போல ஐந்து பேரும் டிரஸ் போட்டு, ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கிரவுண்டுக்குப் போகவில்லை. ஒரு கம்பெனி மதில் ஓரம் வேப்பமரம் இருக்கிறது. அங்கே நிறுத்தினேன். கொசு வராமல் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கினேன். கோலி கால் பேடைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். நான் வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அன்று கம்பெனி சவாரிக்குப் போகவில்லை.

சாயங்காலம் சார் போன் செய்தார். "இன்னாண்ணா பண்ண? பறக்குதுங்க."

அதற்கு அடுத்த புதன்கிழமையும் அங்கேதான் நிறுத்தினேன். கம்பெனி செக்யூரிட்டி வந்து படுதாவைத் தூக்கிப் பார்த்தான்.

"யோவ், இன்னாய்யா இது? வண்டி பூரா பொண்ணுங்க!"

"ஹாக்கி ஆடுற புள்ளைங்க. தூங்குதுங்க."

"தூங்கறதுக்கு ஊடு இல்லியா?"

"கீது."

"அப்பறம்?"

 கோலி எழுந்தாள். கன்னத்தில் பேடின் வரி பதிந்திருந்தது. "அண்ணே, நாங்க பிராக்டீஸ்ல கீறோம்" என்றாள். ஷிப்டுக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன் போனில் படம் எடுத்தான். எங்கள் தெருக்காரர் ஒருவரும் அங்கே இருந்தார். அவர் யாருக்கோ போன் செய்தார்.

சின்னவளின் அப்பா மொபெட்டில் வந்தார். கையில் மாவு காயவில்லை. அவர் சத்தம் போடவில்லை.

"எம் பொண்ணு கிரவுண்டுல ஓடிகினு கீதுன்னு நெனச்சேன்."

"தூங்குதுப்பா. பேஜாராயிடுச்சி அதுங்களுக்கு. நீயே பாரேன்."

"தூங்கறதுக்கு உன் வண்டிதான் கெடச்சிதா?"

பெண்ணை எழுப்பி மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் ஸ்டிக் என் வண்டியிலேயே கிடந்தது. சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து என் வண்டியில் மகள் மட்டும்தான். சின்னவள் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். அக்கா, தங்கச்சி, கோலி மூவரும் கிரவுண்டுக்கு நடந்தே போனார்கள். கோலி பேடு இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். பக்கத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினேன். "ஏறக்கூடாதுன்னாங்கோ" என்றாள், முன்னால் பார்த்துக்கொண்டே. நான் தாண்டிப் போனேன்.

சார் புதன்கிழமை லீவை எடுத்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல என்னக் கேக்கறாங்கண்ணா. நான் இன்னா சொல்லுவேன்?" என்றார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தது.

இரண்டு நாள் கழிந்தது. மனைவி, "தூங்கறதுக்குன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றாள்.

"சொன்னேனே."

 மனைவி எழுந்து மகள் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

செலக்‌ஷனுக்கு முதல் நாள் பொன்னேரியில் கோப்பை ஆட்டம். காலையில் ஒன்று, ஜெயித்தால் மதியம் ஒன்று. மகளை உட்கார வைக்கச் சொல்லிச் சாரிடம் கேட்டேன்.

"அவ இல்லன்னா நடுவுல யாருண்ணா? சின்னதும் வரல."

காலையில் ஜெயித்தார்கள். மதியமும் முழுக்க ஆடினாள். வண்டியில் வரும்போது தூங்கவில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு காலை திருவள்ளூர் போனோம். கிரவுண்டில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரும். அது வருவதற்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓடிவிட வேண்டும். போகப் போக சத்தம் சீக்கிரம் வரும். இரண்டு தடவை தவறினால் வெளியே. ஐம்பது தடவை ஓடினால் விடுதிக்குப் பேர் எழுதுவார்கள் என்று சார் சொல்லியிருந்தார். வருஷ ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில் அவள் அறுபதைத் தாண்டினவள்.

கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். முதலில் நன்றாகத்தான் ஓடினாள். அப்புறம் வலது கால் இழுத்தது. திரும்பும் இடத்தில் கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். ஒரு தடவை சத்தம் முந்திக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஓடு பாப்பா, ஓடு" என்று கத்தினாள். யார் பெண் என்று அவளுக்குத் தெரியாது. 

மறுபடியும் சத்தம் வந்தது. அவள் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தாள். அங்கே நின்றவர் கையைத் தூக்கினார். அவள் நின்றாள். சட்டையில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் அவர் சத்தமாகச் சொன்னார்.

"நாற்பத்தொன்று."