விழத் தெரிந்தவன்

பேரன் சிரம்பானில் ஜூடோ வகுப்புக்குப் போகிறான். “தாத்தா, மொதல்ல விழத்தான்லா சொல்லித் தர்றாங்க” என்று எனக்கே பாடம் எடுக்கிறான். போடா, அந்தப் பாடத்தை நான் ஜப்பான்காரனிடமே படித்தவன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம் அது, லுக்குட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்கார துரை ஓடிப்போனதும் அவன் பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறினான். தோட்டத்துப் பையன்களைத் திரட்டி, லாலாங் புல் திணித்த சாக்குகளைப் பரப்பி, ஜூடோ கற்றுக்கொடுத்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், விழும்போது உள்ளங்கையால் சாக்கை ஓங்கி அறைய வேண்டும், அப்போதுதான் அடி படாது. ஒரு மாதம் விழுந்து விழுந்து எழுந்ததுதான் வேலை. நன்றாக விழுந்தவனுக்கு ஒரு கை அரிசி. மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்குச் செத்துப்போயிருந்த காலம். அரிசி பெரும்பாலும் எனக்குத்தான் கிடைத்தது.

அப்பாவுக்கு அந்த வகுப்பே ஆகாது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்த வாரத்தில் அவர் மலைச்சரிவில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து கம்பு ஊன்றி நொண்டினார். அது நடிப்பென்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்குச் சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுவேனாம்.

பெற்றோருக்கு வித்தை காட்டும் நாள் வந்தது. அப்பா வர மறுத்தார். “எல்லா அப்பாவும் வர்றாங்க, நீங்க வரலன்னா எனக்குத்தான் அசிங்கம்” என்று தரையில் புரண்டு அழுதேன். அந்தப் பிடிவாதத்துக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். பாவம், நொண்டிக்கொண்டே வந்தார்.

அதிகாரி என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். அலாக்காகத் தலைக்கு மேல் தூக்கி, கூட்டத்துக்குக் காட்டியபடி ஒரு சுற்றுச் சுற்றினான். நான் தாடையை ஒட்டிக்கொண்டு கையை விரித்துத் தயாராக இருந்தேன். “ஐயோ, ஓடாதீங்க!” என்று அம்மா அலறியது கேட்டது. அதற்குள் அப்பா கம்பை எறிந்துவிட்டு நாலே எட்டில் பாய்ந்து வந்து, வீசப்பட்ட என்னைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“விடுங்கப்பா, எனக்கு விழத் தெரியும்!” என்று திமிறினேன். அரிசி போயிற்றே என்ற ஆத்திரம் எனக்கு. அதிகாரி கோபிக்கவில்லை. அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் பாராட்டிக் கை தட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. அப்பா மறுபடியும் கம்பை ஊன்றி நின்றார். “காலு போச்சுங்கய்யா” என்று, ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தோட்டத்துக் கிராணியைக் கும்பிட்டார். கிராணி நல்ல மனிதர். அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

“இல்லப்பா, ஒங்க காலு நல்லாயிடுச்சி! அன்னிக்கி எப்படி ஓடுனீங்க!” என்று சந்தோஷம் தாங்காமல் நான் கத்தினேன்.

அப்பா கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, நேராக நடந்து போய் லாரியில் ஏறினார். சயாமிலிருந்து அவர் திரும்பவேயில்லை.

லாரி போனதும் அம்மா என்னைப் பளாரென்று அறைந்தாள். பிறகு அவளே கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல சேதியைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் அடிக்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.